நாகர்கோவில் குவில்ட் கண்காட்சி: பின்பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள்

நாகர்கோவிலில் ஒரு பழைய பள்ளி அரங்கில் இப்போது குவில்ட் கண்காட்சி நடக்கிறது. போன சனிக்கிழமை நானும் என் கூட்டுக்காரியும் போய்விட்டு வந்தோம். கட்டாயம் போய்ப் பாருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைகள் இருக்கின்றன, அதில் ஒன்று பெரிய குறை, அதற்கும் வருகிறேன். ஆனால் ஊசி நூலோடு பழக்கம் உள்ளவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது இருப்போம், இந்த மாதிரி வேலையை நேரில் பார்க்க வேண்டுமென்றால் இதுவரை சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருந்தது, இப்போது மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் போதும் என்கிறபோது விட்டுவிடக் கூடாது.

குவில்ட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக: மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழந்துணியோ, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடித்து நெருக்கமாக நூலோட்டம் போட்டால் அது குவில்ட். மேல் துணி ஒரே துணியாகவும் இருக்கலாம், நூறு வெட்டுத்துண்டுகளைச் சேர்த்ததாகவும் இருக்கலாம். பிள்ளை பிறந்த வீட்டில் பழைய சேலையை நாலாக மடித்து ஓரம் அடித்து விரிப்போமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆர்ட் குவில்ட் போர்த்துவதற்காகத் தைப்பதில்லை, படம்போல மாட்டிப் பார்ப்பதற்காகவே தைப்பது.

நான் 22 வருடமாக மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளி யூனிஃபாம். கூட்டுக்காரிக்குக் குழித்துறை, அவள் தொழிலுக்குத் தைப்பதில்லை, ஆனால் நன்றாகத் தைப்பாள். போன வருடம் அவளுடைய அம்மை தவறிப்போனார்கள். அம்மையின் சேலைகள் 11 ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. உடுத்தவும் மனசில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசில்லை, மழைக்காலம் வந்தால் பூசணம் பிடித்துவிடுமோ என்று எடுத்து வெயிலில் உலர்த்தி மறுபடி உள்ளே வைக்கிறாள். "வெட்டித் தைச்சா வீணாப் போயிருமோட்டி" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்தக் கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போனதற்குக் காரணம் அதுதான்.

புறப்படுகிறபோது என் மாமியாரையும் கூப்பிட்டேன், முழங்கால் வலி, வரவில்லை. அவர்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர்களுக்கு முளகுமூடு பக்கம். பெல்ஜியத்தில் இருந்து வந்த மதர் மரி லூயிஸ் டி மீஸ்டர் 1897ல் அங்கே கால் வைத்து ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினாரே, அந்த மடத்தின் வழியாக லேசும் எம்பிராய்டரியும் அந்தச் சுற்று வட்டாரத்து வீடுகளுக்குள் வந்தன. அதற்கும் முன்னால், 1820களிலேயே, நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஆக நம் ஊர்ப் பெண்களுக்கு நுணுக்கமான நூல் வேலை 200 வருடப் பழக்கம். என் மாமியார் சின்ன வயதில் எம்பிராய்டரி செய்து கொடுத்துக் கூலி வாங்கியவர்கள். வேலையை வாங்குகிறவர்கள் முதலில் துணியைத் திருப்பித்தான் பார்ப்பார்களாம், பின்பக்கம் முடிச்சும் நூல் தொங்கலுமாக இருந்தால் கூலியில் பிடித்துவிடுவார்களாம். எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தபோதும் அவர்கள் முன்பக்கத்தைப் பார்த்ததே இல்லை.

சரி, கண்காட்சி. காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், நாங்கள் பத்தே காலுக்குப் போய்விட்டோம், கூட்டமே இல்லை. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், அதற்கு இது மிகவும் நியாயம். பையை வாசலில் வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கிறார்கள், தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து வைத்துவிட வேண்டும், துணி இருக்கிற இடத்தில் அது சரிதான். 30க்கு மேல் உருப்படிகள் இருந்தன. ஒரு பக்கம் பல மாநிலத்துப் பழைய போர்வைகள், நடுவில் இந்தக் காலத்துப் பெண்கள் செய்த ஆர்ட் குவில்ட்டுகள், கடைசிச் சுவரில் வெளிநாட்டு வேலைகளின் பெரிய பெரிய புகைப்படங்கள்.

பழைய போர்வைகளில் முதலில் வங்காளத்துக் காந்தா. நைந்துபோன சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, அந்தச் சேலைகளின் கரையில் இருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைத்திருக்கிறார்கள். புது நூல் ஒரு முழம்கூட வாங்கவில்லை. நம் கந்தையும் அவர்களுடைய காந்தாவும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள் என்று கூட்டுக்காரிக்குச் சொன்னேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை, "இத போயி கந்தைன்னு சொல்லாதட்டி" என்றாள். பார்த்தால் சொல்ல வராதுதான். வெள்ளைத் துணி பழுப்பேறிக் கிடக்கிறது, அதன்மேல் மீனும் தாமரையும், சுற்றிலும் கடுகு கடுகாக ஓட்டுத் தையல். அந்தத் தையல் இழுத்த இழுப்பில் துணி முழுக்கக் குளத்துத் தண்ணீரில் காற்று பட்டால் வருமே, அந்த மாதிரிச் சின்னச் சின்ன அலை எழும்பி நிற்கிறது. புகைப்படத்தில் இது தெரியவே தெரியாது. நேரில் போகச் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்து மகாராஷ்டிரத்து கோதடி, வட கர்நாடகத்துக் கவுதி, அவற்றை வேகமாகத் தாண்டிவிட்டோம், ஏனென்றால் அதற்கும் அப்பால் தொங்கியது சித்திப் பெண்களின் கவந்தி. உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹலியால் பக்கத்துக் காட்டு ஊர்களில் இருக்கும் சித்திகள், போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் தைக்கிற முறையைக் கேளுங்கள். அடியில் ஒரு பழைய சேலை. ஒரு மூலையில் ஒரு துண்டை வைத்து விளிம்பை உள்ளே மடக்கித் தைப்பார்கள், அதை ஒட்டி அடுத்த துண்டு, இப்படியே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் போய் முடிப்பார்கள். முன்கூட்டி வரைவதில்லை, அளவெடுத்து வெட்டுவதில்லை. நானும் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வாழ்ந்தவள், அந்தப் போர்வைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றேன். ஒரு கோடுகூட நேராக இல்லை, ஆனால் துணி எங்கும் சுருங்காமல் தட்டையாகக் கிடக்கிறது, அது சும்மா வராது. நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துண்டுகளைக் கொத்தாக வைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் பூலா, பூ. அது இல்லாவிட்டால் போர்வை வெற்றுடம்பாக நிற்கிற மாதிரி என்பார்களாம். தோவாளையில் மாணிக்க மாலை கட்டுகிறவர்கள் அரளிப் பூவை மடக்கி மடக்கிச் சதுரமாக வைப்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதுவும் துண்டுத்துணி வேலை மாதிரிதான், சிவப்பு, வெள்ளை, நடுவில் பச்சை இலை.

இங்கேதான் அந்தப் பெரிய குறை. இந்தப் பழைய போர்வைகள் எல்லாவற்றையும் சுவரோடு சுவராக அடித்து மாட்டியிருக்கிறார்கள். பின்பக்கம் பார்க்க வழியே இல்லை. கவந்தியில் அடித்துணியாகப் போட்ட சேலை எது, எப்படி இருக்கிறது, தையல் அங்கே எப்படி விழுந்திருக்கிறது, அதெல்லாம் பின்னால் போனால்தான் தெரியும். காந்தாவில் நல்ல கைக்காரியின் வேலை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், அதைப் பார்க்காமல் அதை எப்படி மெச்சுவது? ஓவியத்துக்குப் பின்னால் வெறும் சட்டம்தான் இருக்கும், போர்வைக்கு அப்படி இல்லை, தைத்தவள் எங்கே நூல் மாற்றினாள், எங்கே அவிழ்த்து மறுபடி தைத்தாள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, தன்னார்வலர். "மக்களே, ஒரு மூலைய மட்டும் லேசாத் தூக்கிக் காட்ட முடியுமா?" முதலில் தயங்கினாள், அப்புறம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். "எக்கா, நீங்க தொடாதீங்க, நான் காட்டுதேன்" என்று கவந்தியின் கீழ் மூலையை ஒரு சாண் தூக்கினாள். அடியில் ஒரு மஞ்சள் பூச்சேலை. முன்பக்கம் சிவப்பும் நீலமுமாக இத்தனை நிறம், பின்னால் சாயம் மங்கிய அந்த ஒற்றைச் சேலை, அதன்மேல் வெள்ளைத் தையல் மழை பெய்கிற மாதிரி வரிசை வரிசையாக. யாரோ ஒரு அம்மை வருடக்கணக்கில் உடுத்திய சேலை அது. கூட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நல்ல மனசு, இன்னும் இரண்டு போர்வையையும் அப்படியே காட்டினாள். நீங்களும் கேளுங்கள். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் கேட்டால் காட்டுவார்கள். இதைப் படிக்கிற ஏற்பாட்டாளர்கள் யாராவது இருந்தால், இரண்டே இரண்டு போர்வையையாவது நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து உத்திரத்தில் இருந்து தொங்கவிடுங்கள்.

செய்யத் தெரியாமல் இல்லை, ஆர்ட் குவில்ட்டுகளில் மூன்றை அப்படித்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று இந்தக் கண்காட்சியிலேயே என் மனசில் முதலில் நிற்பது. கடல். முட்டம் பாறைக்கு மேல் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரியான கடல். கடற்கரை ஆண்கள் உடுத்துகிற கட்டம்போட்ட கைலிகளைக் குறுக்காக வெட்டி, நீலத்தில் ஆரம்பித்துக் கரும்பச்சை வரை நிறம் நிறமாகச் சேர்த்து, அதன்மேல் உண்மையான மீன் வலைத் துண்டை விரித்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். கைலிக் கட்டம் குறுக்கே போனதும் அது அலையாகிவிடுகிறது, இந்த யோசனை யாருக்கு வரும்! குறுக்கு வெட்டுத் துணி இழுபடும், தையல்காரர்களுக்குத் தெரியும், சட்டைக் கழுத்துப் பட்டிக்கு வெட்டினாலே நெளியும், இங்கே ஆறடி அகலத்துக்கு நெளியாமல் நிற்கிறது. மேலே போட்டிருப்பது மெஷின் தையல். மெஷினின் பல்லைக் கீழே இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே எல்லாப் பக்கமும் ஓட்டித் தைப்பது, நம் ஊரில் ரவிக்கைக்கு மெஷின் எம்பிராய்டரி போடுகிற பெண்கள் செய்கிற அதே வேலை, ஆனால் வளையம் மாட்டாமல் இவ்வளவு பெரிய துணியை ஊசிக்கு அடியில் சுருட்டிச் சுருட்டி நகர்த்த வேண்டும், தோள்பட்டை போய்விடும். பின்னால் சுற்றிப் போனோம். பின்துணி வெறும் வெள்ளை, அதில் அலையின் கோடுகள் மட்டும் நீல நூலில். முன்பக்கம் பகல் என்றால் அது விடிவதற்கு முந்திய கடல்.

இதைச் செய்தவர் பெயர் என்ன என்று பார்த்தால், அட்டையில் பெயர் இல்லை. எண்ணும் அளவும் பொருளும் இருக்கிறது, கடனாகக் கொடுத்த சேகரிப்பாளர் யார் என்று இருக்கிறது, தைத்தவர் பெயர் இல்லை. ஏழெட்டு உருப்படிகளுக்கு இதே கதை. பழைய காந்தாவுக்குத் தைத்தவர் பெயர் கிடைக்காது, புரிகிறது, நேற்றுச் செய்த வேலைக்கு ஏன் இல்லை? அட்டைகளில் தலைப்பு மட்டும்தான் தமிழில், விவரம் எல்லாம் ஆங்கிலத்தில். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு பாட்டிகள் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தார்கள், எனக்கும் பாதிதான் புரிந்தது, மீதியை அந்தத் தன்னார்வலப் பிள்ளை சொன்னாள்.

வெளிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கிழக்குச் சன்னல் ஒன்றை மூடாமல் விட்டிருக்கிறார்கள், பதினோரு மணி வெயில் நேராக ஒரு அவுரிச் சாயத் துணியின் மேல் விழுகிறது. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) மேல் வெளிச்சம் காட்ட மாட்டார்கள், இயற்கைச் சாயம் அவ்வளவு வேகமாக வெளுக்கும். சொன்னதும் உடனே ஒரு வேட்டியை எடுத்துச் சன்னலில் கட்டினார்கள், அது நல்ல குணம். மாட்டுகிற விதத்திலும் சிலவற்றுக்கு மேல் விளிம்பில் துணிக் குழாய் தைத்துக் கம்பி நுழைத்திருக்கிறார்கள், பாரம் சீராக இறங்கும், அது சரி. சிலவற்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டதில் கிளிப் பிடித்த இடம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பஞ்சு வைத்த துணி கனக்கும். ஒரு மாதம் அப்படித் தொங்கினால் அந்த இடம் தொய்ந்துவிடும்.

கடைசிச் சுவர் புகைப்படங்கள்தானே என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். பருத்திக் காட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்கள் பழைய காற்சட்டை, சட்டை, மாவுச் சாக்கு எல்லாவற்றையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள், வீட்டுச் சுவர் இடுக்கில் குளிர் வருமாம், பிள்ளைகளுக்குப் போர்த்த. 2002ல் அந்தப் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின, 2006ல் தபால்தலையாகவும் வந்தன. அதில் மிசூரி பெட்வே என்ற பெண் 1942ல் தைத்தது ஒன்று. கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்கு உடுத்திப்போன துணிகளைக் கிழித்து ஒரு போர்வை தைக்கிறேன், அவரை நினைத்துக்கொள்ளவும் அதற்கடியில் படுத்துக்கொள்ளவும், என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். படத்தில் காற்சட்டையின் முழங்கால் வெளுத்த இடம்கூட அப்படியே தெரிகிறது, அதை மறைக்கவில்லை, வெட்டித் தள்ளவுமில்லை.

கூட்டுக்காரிக்கு நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். "அம்மைக்க நீலச் சேலையில மடியில கறை இருக்கு, பலா வெட்டினப்ப பட்ட பால். அந்த எடத்த வெட்டிக் களஞ்சிரணும்னு நெனச்சிருந்தேன்" என்றாள்.

பக்கத்தில் ஹாரியட் பவர்ஸ் தைத்த போர்வையின் படம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த பெண். பைபிள் கதைகளை 11 கட்டமாக ஒட்டுத்துணியில் தைத்தது 1886ல் ஒரு பருத்திச் சந்தையில் வைக்கப்பட்டது. ஒரு ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது கொடுக்கவில்லை, சில வருடம் கழித்துக் கையில் காசில்லாமல் 10 டாலர் கேட்டு 5 டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பல தடவை அந்த வீட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஒரு மணி நேரப் பயிற்சி வகுப்பு 300 ரூபாய், நாங்கள் சேர்ந்தோம், அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 20 பேருக்கு நாலே கத்திரி, துணி மடக்குவதைக் காட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. அந்தக் காசுக்கு விற்பனை மேசையில் இருக்கிற வெட்டுத்துணிக் கட்டு வாங்கலாம், நல்ல கைத்தறி, சாயம் போகாது என்று நனைத்தே காட்டுகிறார்கள். கழிப்பறை சுத்தம். உட்கார நாற்காலி போதாது, வயதானவர்களைக் கூட்டிப்போனால் வாசலில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மதியம் பக்கத்திலேயே மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஆட்டோவில் போனோம். திங்கள்கிழமை அங்கே விடுமுறை, மதியம் 2 மணிக்கு மறுபடி சீட்டு கொடுப்பார்கள். சின்ன வயதில் இருந்து எத்தனையோ தடவை போன இடம், ஆனால் குவில்ட் பார்த்த கண்ணோடு பூமுகத்தின், அதாவது முன்வாசல் மண்டபத்தின், மேல்தட்டைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. மரத்தில் 90 வகைப் பூ, ஒவ்வொன்றும் தன் தன் கட்டத்துக்குள், ஒன்று மாதிரி ஒன்று இல்லை. கூட்டுக்காரி கையில் இருந்த சின்ன நோட்டில் ஆறேழு பூவை வரைந்துகொண்டாள். கழுத்து வலிக்கிறது என்றாலும் விடவில்லை. கண்காட்சியும் இதுவும் ஒரே நாளில் தாராளமாக முடியும், அந்த வரிசையிலேயே போங்கள், இரண்டாவது இடம் வேறு மாதிரித் தெரியும்.

பஸ்ஸில் வரும்போது அவள் கணக்குப் போட்டாள். 11 சேலையில் பட்டு இரண்டையும் தொட வேண்டாம், மீதி 9. நீலச் சேலை அடியில் முழுசாக, வெட்டாமல், கறையோடு. மற்ற எட்டில் இருந்து முந்தியை மட்டும் எடுத்து மேலே. நடுவில் பஞ்சு வேண்டாம், நம் ஊர் வேர்வைக்குத் தாங்காது. நூல் கரையில் இருந்து உருவியதே போதும்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் போனில் எடுத்த படங்களை எல்லாம் காட்டினேன், 60க்கு மேல் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடல் படம் வந்ததும் நிறுத்தி, "பெறத்தால எப்படி இருந்து மக்களே?" என்று கேட்டார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. சொல்லிப் பார்த்தேன், வெள்ளைத் துணி, நீல நூல், அலை என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னார்கள், வருகிற சனிக்கிழமை ஆட்டோ வைத்துப் போகலாமா என்று கேட்டார்கள். இந்த மாதக் கடைசி வரைக்கும் இருக்கிறது, ஞாயிறு உண்டு, காலை 10 முதல் மாலை 5 வரை. நாங்கள் பத்து மணிக்கே வாசலில் இருப்போம்.